தொலைக்காட்சியின் நியமன உறுப்பினர்கள்

நாவலையும் சிறுகதையையும் கவிதையையும் வரிவரியாகப் பிரித்துப் பார்க்கும் நமது விமர்சகர்கள், தமிழ் அலைவரிசைகளில் இரவு தோறும் நடக்கும் அரசியல் விவாதத்தை ஒரு பிரதியாக எடுத்து வாசித்தது மிகக் குறைவு. ஒரு நல்ல நாவலின் வாசகர்களை ஆயிரக்கணக்கில் எண்ண முடிந்தால் அதுவே பெரிது. ஆனால் சம்பளப் பிரச்சினை கொதிக்கும் ஒரு வாரத்தில் ஹற்றன், நோர்வூட், பொகவந்தலாவைப் பகுதி லயங்களில் பாதிக்கு மேல் இந்த விவாதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். அதிலும் பாத்திரங்கள் உண்டு, உரையாடல் உண்டு, திருப்பம் உண்டு. எழுதியவர் யார் என்பது மட்டும் தெரிவதில்லை. யாரைப் பேச அழைப்பது, யாரை யாருக்கு எதிரே இருத்துவது, பெயருக்குக் கீழே என்ன எழுதுவது என்று தீர்மானிக்கின்றவர்தான் இந்தப் பிரதியின் ஆசிரியர் என்பது என் துணிபு. அவருடைய பாத்திரத் தெரிவைப் பற்றியதே இக்கட்டுரை. அதனை மலையகத்தை முன்வைத்துப் பேசுவதற்குக் காரணமுண்டு. தன் பிரதிநிதியைத் தானே தெரிவுசெய்யும் உரிமை சட்டத்தினாலேயே பறிக்கப்பட்டிருந்த மக்கள் கூட்டம் அது.

முதலில் நாற்காலிகளைப் பார்ப்போம். மலையகம் பற்றிய விவாதமென்றால் வழக்கமாக மூன்று அல்லது நான்கு. ஒன்று இலங்கைத் தொழிலாளர் காங்கிரசுக்கு. அதற்கு எதிரே இருப்பது, 2015 ஜூனுக்கு முன்னர் மலையக மக்கள் முன்னணி அல்லது தொழிலாளர் தேசிய சங்கம். அதற்குப் பின்னர் இவை இரண்டும் மனோ கணேசனின் கட்சியும் சேர்ந்த தமிழ் முற்போக்குக் கூட்டணி. மூன்றாவது நாற்காலி அரசாங்கத்துக்கு அல்லது முதலாளிமார் சம்மேளனத்துக்கு. நான்காவது இருந்தால் அதில் 'அரசியல் ஆய்வாளர்' என்றொருவர். இவ்வளவு சீரான அமைப்பைக் கண்டதும் நடுநிலை என்று தோன்றும். இரு பக்கத்துக்கும் சம இடம் தந்துவிட்டோம் என்று தயாரிப்பாளரும் மனநிறைவோடு வீடு போவார். இரண்டு பக்கந்தான் உண்டென்று யார் சொன்னது என்ற கேள்வி அந்த நாற்காலிகளுக்கு அடியிலேயே கிடந்துவிடுகிறது.

அந்த நாற்காலியில் அமரும் ஆளை எப்படிப் பிடிக்கிறார்கள்? பல வருடங்களாக இந்நிகழ்ச்சிகளைப் பார்த்தும், அவற்றுக்குப் போய்வந்தவர்களோடு பேசியும் நான் விளங்கிக்கொண்டது இதுதான். கலையகம் கொழும்பில் இருக்கிறது. ஹற்றனிலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 130 கிலோமீற்றர். மலைப்பாதையில் நான்கு மணித்தியாலத்துக்குக் குறையாது. நிகழ்ச்சி முடிய இரவு பத்தாகும். ஆகவே கொழும்பில் வீடோ, வாகனமும் சாரதியுமோ இருப்பவரே முதல் தகுதி பெறுகிறார். இரண்டாவது தகுதி, தொலைபேசியை உடனே எடுப்பது. மூன்றாவது, சத்தமாகவும் தங்குதடையின்றியும் பேசுவது. நான்காவது தகுதியைப் பற்றி யாரும் வெளியில் சொல்வதில்லை: எதிரே இருப்பவர் இவரை ஏற்றுக்கொள்ள வேண்டும். அமைச்சர் ஒருவர் பிரதேச சபை உறுப்பினரோடு ஒரே மேசையில் அமர மாட்டார். 'அவர் வந்தால் நான் வரமாட்டேன்' என்பது நமது அரசியலில் ஒரு கொள்கை அறிக்கைக்குச் சமன். இந்த வடிகட்டல்களின் பின்னர் மிஞ்சுகின்ற ஐந்தாறு பேர்தான் வருடக்கணக்காக 'மலையகம்' என்று திரையில் தெரிகிறார்கள்.

மலையகத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே கட்சி, தொழிற்சங்கம், குடும்பம் ஆகிய மூன்றையும் பிரித்தெடுப்பது சிரமம். சந்தா கட்டும் அங்கத்தவர் தொழிற்சங்கத்தின் ஆள். அதே சங்கம் தேர்தலில் கட்சி. கட்சியின் தலைமை பெரும்பாலும் வாரிசு வழி. சௌமியமூர்த்தி தொண்டமான் 1999 ஒக்டோபரில் காலமானதும் பேரன் ஆறுமுகன். 2020 மேயில் ஆறுமுகன் காலமானதும் மகன் ஜீவன். மற்றைய அமைப்புகளும் இவ்வழக்கத்துக்கு முற்றிலும் புறம்பானவையல்ல. எனவே ஒரு கட்சிக்கு 'உங்கள் பிரதிநிதி ஒருவரை அனுப்புங்கள்' என்று அலைவரிசை கேட்கும்போது, அது தலைவரிடம் அனுமதி கேட்பதாகவே முடியும். அதே சங்கத்துக்குத் தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு தலைவர் இருக்கிறார். காலையில் பிரட்டுக்களத்தில் நிற்பவர், அரைப்பேர் போட்டதற்காகக் கணக்கப்பிள்ளையோடு வாதாடுபவர், துரையின் அலுவலக வாசலில் மணிக்கணக்காகக் காத்திருப்பவர் அவர். பிரதிநிதித்துவம் என்ற சொல்லுக்கு ஏதாவது பொருள் இருந்தால் அது அவரிடந்தான் அன்றாடம் செயற்படுகிறது. இத்தகைய தோட்டத் தலைவர் ஒருவரை விவாத மேசையில் நான் கண்டதாக நினைவில்லை.

இவ்விடத்தில் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும். 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசின் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றார்கள். தலவாக்கலையிலிருந்து போனவர் நம் இலக்கியக்காரர்கள் நன்கறிந்த சி. வி. வேலுப்பிள்ளை. அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது; 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1952 தேர்தலில் ஒருவர்கூட இல்லை. பிறகு 1977இல் நுவரெலியா - மஸ்கெலியா தொகுதியின் மூன்றாவது உறுப்பினராகத் தொண்டமான் தெரிவாகும்வரை, தோட்டத் தொழிலாளரின் குரல் பாராளுமன்றத்தில் ஒலித்ததெல்லாம் நியமனத்தினால்தான். போதிய பிரதிநிதித்துவம் பெறாத நலன்களுக்காக ஆறு பேர் வரை நியமிக்கலாம் என்று சோல்பரி யாப்பில் ஏற்பாடு இருந்தது. 1960இல் சிறிமாவின் அரசாங்கத்தில் தொண்டமான் நியமன உறுப்பினரானார். 1965இல் டட்லியின் அரசாங்கத்திலும் அவரே. 1970இல் சிறிமா மீண்டும் வந்தபோது அந்த இடம் ஏ. அஸீசுக்குப் போயிற்று. தொழிலாளி யாருக்கு ஆதரவு என்று எவரும் கேட்கவில்லை. ஆட்சிக்கு யார் ஆதரவு என்பதே கேள்வியாக இருந்தது.

அந்த நியமனம் யாப்பிலிருந்து நீங்கிவிட்டது. அதே வேலையை இப்போது அலைவரிசை செய்கிறது. அங்கே பிரதமரின் விருப்பப்படி; இங்கே தயாரிப்பாளரின் தொலைபேசிப் பட்டியலின்படி. நியமன உறுப்பினருக்காவது பெயரிலேயே அந்த அடைமொழி ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் தெரிவுசெய்யப்பட்டவர் அல்லர் என்பது எல்லோருக்கும் தெரியும். தொலைக்காட்சியின் நியமன உறுப்பினருக்கு 'மலையகப் பிரதிநிதி' என்றே எழுத்து ஓடுகிறது.

மர்ஹூம் அஸீசைப் பற்றி இங்கே சிறிது கூற வேண்டும். நமது இளைய வாசகர் பலர் அவரைச் சாஹிரா அதிபர் ஏ. எம். ஏ. அஸீசோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். இவர் அப்துல் அஸீஸ், குஜராத்தில் பிறந்தவர். தமிழ் இவரது தாய்மொழியன்று. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவருமல்லர். ஆனால் இலங்கை இந்தியன் காங்கிரசின் முன்னணித் தலைவர்களில் ஒருவர். 1950களின் தொடக்கத்தில் மஸ்கெலியாவின் பாராளுமன்ற உறுப்பினர். அதே தசாப்தத்தின் நடுப்பகுதியில் தொண்டமானோடு முரண்பட்டுப் பிரிந்து ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரசைக் கட்டியவர். 1990இல் காலமாகும் வரை தோட்டத் தொழிலாளர் அரசியலே அவரது அரசியல். அவருடைய முடிவுகள் பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கலாம். அது வேறு விடயம். நான் கேட்பது இதைத்தான்: அவர் இன்று இருந்திருந்தால் நமது அலைவரிசை அவரை எந்த நாற்காலியில் இருத்தியிருக்கும்? மலையக விவாதத்துக்கு அழைத்தால் 'இவர் முஸ்லிமாச்சே' என்பார்கள். முஸ்லிம் விவாதத்துக்கு அழைத்தால் 'இவர் தோட்டத் தொழிற்சங்கக்காரர்' என்பார்கள். பெயருக்குக் கீழே ஓடும் அந்த ஒற்றை வரிக்குள் அவர் அடங்க மாட்டார். தொழிலாளி சந்தா கட்டி ஏற்றுக்கொண்ட ஒருவரைத் தயாரிப்பாளரின் பட்டியல் ஏற்காது என்றால், நம் சிந்தனை 1950இலிருந்து முன்னே வந்திருக்கிறதா என்பது யோசிக்க வேண்டிய விடயம்.

அந்த ஒற்றை வரியின் அதிகாரம் எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு சிறு நிகழ்வு. ஹற்றன் பக்கத்தில் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர் எனக்குப் பழக்கம். கூட்டு ஒப்பந்தங்களை வருடவாரியாகக் கோவைப்படுத்தி வைத்திருப்பவர். சம்பள விவாதமொன்றுக்கு வருமாறு அலைவரிசை ஒன்றிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது.

"சேர், நீங்க எந்தக் கட்சி சார்பா பேசுறீங்க?"

"நான் ஒரு கட்சியும் இல்ல தம்பி."

"அப்ப பேருக்குக் கீழ என்ன போடுறது சேர்? சமூக ஆர்வலர்னு போடவா?"

"முப்பத்தாறு வருசம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பிச்சவன்னு போடுங்க."

"அது கொஞ்சம் நீளமா வருமே சேர்..."

மறுநாள் காலையில், 'இன்னொரு நாளைக்குப் பார்ப்போம்' என்று செய்தி வந்தது. அந்த இன்னொரு நாள் வரவில்லை. அதிபர் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவரது இடத்தில் அன்றிரவு அமர்ந்தவர் ஒரு 'அரசியல் ஆய்வாளர்'. 730 ரூபாவில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, கொடுப்பனவு எவ்வளவு என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

சம்பளக் கணக்கைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். பாத்திரத் தெரிவு பேச்சின் உள்ளடக்கத்தை எப்படித் தின்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. 1000 ரூபாக் கோரிக்கையை இ.தொ.கா. 2015இல் முன்வைத்தது. 2016 ஒக்டோபர் ஒப்பந்தத்தில் கிடைத்தது 730: அடிப்படை 500, வரவுக் கொடுப்பனவு 60, உற்பத்தித்திறன் கொடுப்பனவு 140, விலைப் பங்கு 30. 2018 ஒக்டோபர் 24ஆம் திகதி, கொழும்பில் கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலைசெய்யும் மலையக இளைஞர்கள் கறுப்பு உடையோடு காலிமுகத்திடலில் திரண்டார்கள். எந்தத் தலைவரும் அழைத்து வந்த கூட்டமல்ல அது. 2019 ஜனவரியில் புதிய ஒப்பந்தம்: அடிப்படை 700, விலைப் பங்கு 50, மொத்தம் 750. வரவுக் கொடுப்பனவும் உற்பத்தித்திறன் கொடுப்பனவும் நீங்கின. அடிப்படையில் 200 ரூபா ஏறியது. கைக்கு வரும் மொத்தத்தில் ஏறியது 20 ரூபா.

இரண்டு எண்ணும் உண்மை. ஒப்பந்தத்தில் ஒப்பமிட்ட தரப்பு 200ஐப் பிடித்துக்கொண்டது. ஒப்பமிடாத தரப்பு 20ஐப் பிடித்துக்கொண்டது. 'சாதனை' என்று ஒருவர், 'துரோகம்' என்று மற்றவர். இரு கட்சி நாற்காலிகளுக்கு இது வாய்ப்பான சண்டை. மணிக்கணக்காக நடத்தலாம், நடத்தினார்கள். ஆனால் கொழுந்து பறிப்பவளுக்குத் தெரிந்த மூன்றாவது கணக்கொன்று உண்டு. ஒரு நாள் பேர் விழ எத்தனை கிலோ பறிக்க வேண்டும்? குறைந்தால் அரைப்பேரா? மாதத்தில் எத்தனை நாள் வேலை? மேலதிகக் கிலோவுக்குக் கைக்காசு எவ்வளவு? நிறுவையில் சாக்குக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழிக்கிறார்கள்? நாட்சம்பளம் எவ்வளவு ஏறினாலும் இந்த ஐந்தில் ஒன்றை மாற்றிவிட்டால் மாதச் சம்பளம் பழைய இடத்துக்கே வந்துவிடும். 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் 1000 ரூபா வர்த்தமானியில் வந்ததும் நடந்தது அதுதான். கொம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. கிலோ கூட்டப்பட்டதாகவும் வேலை நாட்கள் குறைக்கப்பட்டதாகவும் தோட்டத்துக்குத் தோட்டம் முறைப்பாடு எழுந்தது. ஆறு வருடமாக 'ஆயிரம்' என்ற ஒரு சொல்லைச் சுற்றியே மேசைகளை அமைத்திருந்த அலைவரிசைகளுக்கு இது எதிர்பாராத திருப்பமாகத் தெரிந்தது. நிறுவைத் தராசருகே நிற்கின்ற எவளுக்கும் அது முன்னரே தெரியும். அவளை மேசைக்கு அழைத்திருந்தால் அன்றே சொல்லியிருப்பாள்.

அவளைக் காட்டவே இல்லை என்று சொல்ல முடியாது, காட்டினார்கள். விவாதம் தொடங்கு முன்னர் ஓடும் செய்தித் தொகுப்பில், பச்சை மலையின் பின்னணியில், கூடையைச் சுமந்தபடி அவள் வருவாள். பத்து விநாடி. "வெலவாசி ஏறிப்போச்சு, ஆயிரம் ரூவா குடுத்தா பிள்ளைகள படிக்க வைக்கலாம்." அவ்வளவுதான். கீழே பெயர் இல்லை. 'தோட்டத் தொழிலாளி' என்று மட்டும். அவளிடம் கேட்கப்படுவது ஒரு தேவை; கருத்தன்று. அழுதால் இன்னும் சில விநாடி கூடக் கிடைக்கும். பெருந்தோட்டத் தொழிலாளரில் பெரும்பான்மையோர் பெண்கள். விவாத நாற்காலிகளில் பெண் ஒருவர் அமர்ந்திருந்தால் அவர் அநேகமாக நிகழ்ச்சியை நடத்துபவர். மலையகச் சிறுகதை அரை நூற்றாண்டுக்கு முன்னரே தோட்டத்துப் பெண்ணுக்குப் பெயரும் கோபமும் தந்திரமும் கொடுத்துவிட்டது. இலக்கியத்தில் நாம் என்றோ கைவிட்ட அந்தப் பழைய வகைமாதிரி, 'சோகமே உருவான தோட்டத்துப் பெண்', தொலைக்காட்சியில் இன்னும் சம்பளமில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது.

மேசை பிரதிநிதிகளைப் பிரதிபலிக்கிறது என்றே அலைவரிசைகள் சொல்லும். அது பிரதிநிதிகளை உண்டாக்கவும் செய்யும் என்பதற்கு நுவரெலியா மாவட்டமே சாட்சி. சக்தி தொலைக்காட்சியின் 'மின்னல்' நிகழ்ச்சியை நமது வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மலையக, வடகிழக்கு, முஸ்லிம் அரசியல்வாதிகளை ஒரே மேசைக்குக் கொண்டுவந்து, நேருக்கு நேர் கேள்வி கேட்டு, தமிழ் பேசும் நேயர்களுக்கு அரசியல்வாதியை வியர்க்க வைத்துக் காட்டிய நிகழ்ச்சி அது. அந்தத் துணிவை மறுக்க முடியாது. அதனை நடத்திய ஜெ. ஸ்ரீரங்கா 2010 பொதுத் தேர்தலில் நுவரெலியா மாவட்டத்தில் ஐக்கிய தேசியக் கட்சிப் பட்டியலில் போட்டியிட்டார். அம்மாவட்டத்தில் அக்கட்சி பெற்ற இரு ஆசனங்களில் ஒன்று அவருக்குக் கிடைத்தது. மற்றையது பழனி திகாம்பரத்துக்கு. தொழிற்சங்கம் கட்டி, சந்தா சேர்த்து, தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கியவர்கள் பாராளுமன்றம் போன அதே பாதையில் கேள்வி கேட்டவரும் போனார். மக்கள் வாக்களித்தார்கள், அதில் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் யாரை அழைப்பது, யாரை விடுவது என்று முடிவுசெய்யும் இடத்தில் இருப்பவர் அதே களத்தின் வேட்பாளராகவும் ஆகலாம் என்றால், அதற்கு முன்னரான வருடங்களின் அழைப்புகளையும் தவிர்ப்புகளையும் நாம் இன்னொரு முறை வாசிக்க வேண்டியிருக்கிறது. அந்த வாசிப்பை ஊடகத் துறையினர் செய்யவில்லை. பிழை பிடிக்க அஞ்சினார்களோ, தங்களுக்கும் அப்படியொரு நாள் வரலாம் என்று நினைத்தார்களோ, அல்லாஹ்தான் அறிவான்.

திரையிலிருந்து தொழிற்சங்கத்துக்கு வருவது மலையகத்துக்குப் புதிதுமல்ல. அஸீஸ் தொடங்கிய ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரசின் தலைவராகப் பின்னாளில் விளங்கிய வி. பி. கணேசன், 1975இல் 'புதிய காற்று' படத்தைத் தயாரித்து நடித்தவர். மனோ கணேசனின் தந்தை. சினிமாவில் அவர் நடிக்கிறார் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்; அந்த நேர்மை சினிமாவுக்கு உண்டு.

நாற்காலி யாருடையது, கட்சியினதா அலைவரிசையினதா என்ற வழக்கு நமக்கு மட்டும் உரியதல்ல. நம் வீடுகளில் ஓடும் தமிழ்நாட்டு அலைவரிசைகளிலும் இது நடந்தது. 2019 மே மாத இறுதியில், தேர்தல் தோல்வியை அடுத்து, இந்தியக் காங்கிரஸ் கட்சி ஒரு மாதத்துக்குத் தன் பேச்சாளர்களை விவாதங்களுக்கு அனுப்புவதில்லை என அறிவித்தது. ஜூனில் அ.தி.மு.க.வும் அவ்வாறே செய்து, தன் பெயரால் எவரையும் அழைக்க வேண்டாமென்றும் ஊடகங்களைக் கேட்டுக்கொண்டது. ஏனென்றால் கட்சி அனுப்பாவிட்டால் அலைவரிசை தானே ஓர் 'ஆதரவாளரை' உண்டாக்கிவிடும். அந்த ஆதரவாளர் சொன்னது மறுநாள் கட்சியின் நிலைப்பாடாகிவிடும். 2023 செப்டெம்பரில் எதிர்க்கட்சிக் கூட்டணி இதைத் தலைகீழாக்கி, நிகழ்ச்சி நடத்துபவர்கள் 14 பேரின் பெயரை வெளியிட்டு அவர்களிடம் போவதில்லை என்றது. கட்சிகளும் அலைவரிசைகளும் நாற்காலிக்காக இழுபறிப்படும் இந்த இரு தரப்பு வழக்கில் நேயருக்கு வழக்கறிஞர் இல்லை. நமது நாட்டில் 2001இல் வந்த 17ஆவது திருத்தம், தேர்தல் காலத்தில் ஒலி, ஒளிபரப்பாளருக்கு வழிகாட்டல் வழங்கும் அதிகாரத்தைத் தேர்தல்கள் ஆணைக்குழுவுக்குத் தந்தது. தேர்தல் முடிந்ததும் அதுவும் ஓய்ந்துவிடும். மிச்ச நாட்களில் தயாரிப்பாளரின் மனச்சாட்சிதான் ஆணைக்குழு.

நம்முடைய நாற்காலியையும் சொல்லாமல் விட்டால் இது ஊருக்கு உபதேசமாகிவிடும். சிங்கள அலைவரிசைகள் முஸ்லிம் ஒருவரை அழைக்கும்போது தேடுவது நன்றாகச் சிங்களம் பேசும் ஒரு மௌலவியை, அல்லது கொழும்பிலுள்ள கட்சித் தலைவர் ஒருவரை. தமிழ் அலைவரிசைகள் தேடுவது கிழக்கின் பாராளுமன்ற உறுப்பினரை. 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை கொவிட் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்ட அந்த மாதங்களில், அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருந்த ஒரு விடயம், நாற்காலித் தெரிவினாலேயே 'மார்க்கப் பிரச்சினை' ஆக்கப்பட்டது. ஒரு பக்கம் வைத்தியர், மறுபக்கம் ஆலிம் என்று இருத்திவிட்டால், அறிவியலும் மதமும் மோதுவதாகத்தான் நேயருக்குத் தெரியும். நம்மிடையேயிருந்த வைத்தியர்களையும் சட்டத்தரணிகளையும் அந்த இடத்தில் இருத்தியிருந்தால் அதே விவாதம் வேறொன்றாகியிருக்கும். நமது நிறுவனங்களும் அதை வற்புறுத்தவில்லை. கேட்டவுடன் ஆளை அனுப்பின, அனுப்பப்பட்டவரும் போனார்.

ஹற்றன், தலவாக்கலை, மஸ்கெலியா நகரங்களில் கடை வைத்திருக்கும் நம்மவர்கள் பலர் தோட்டத்துக்குக் கடன் கொடுப்பவர்கள். சம்பளம் ஏறினதா இறங்கினதா என்பது அவர்களுடைய கொப்பியில் எழுதியிருக்கும். எந்த வீட்டில் எத்தனை நாள் பேர் விழுந்தது என்பதைக் கடன் தொகையிலிருந்தே சொல்வார்கள். சம்பள விவாதத்துக்கு அவர்களில் ஒருவர் என்ன சொல்லியிருக்க முடியும் என்பதை யோசித்துப் பாருங்கள். அவர் முஸ்லிம் நாற்காலிக்கும் பொருந்தமாட்டார், மலையக நாற்காலிக்கும் பொருந்தமாட்டார். அஸீசின் கதைதான்.

2024 நவம்பர் 14ஆம் திகதி நடந்த பொதுத் தேர்தலில் நுவரெலியாவில் தேசிய மக்கள் சக்தி ஐந்து ஆசனங்களைப் பெற்றது. அவற்றில் ஒன்று கிருஷ்ணன் கலைச்செல்விக்கு. பதுளையில் அம்பிகா சாமுவேல். மலையகத் தமிழ்ப் பெண்கள் தேர்தலில் வென்று பாராளுமன்றம் சென்றது அதுவே முதல் தடவை. 1947இலிருந்து 77 வருடம். இருவரும் விவாத மேசைகளால் வளர்க்கப்பட்ட முகங்களல்லர். திசைகாட்டிக்கு விழுந்த அலையில் அவர்களும் வந்தார்கள் என்று சொல்வோர் சொல்லட்டும். அலை எல்லாக் கட்சியிலும் ஆண்களை எத்தனையோ முறை கொண்டுவந்து போட்டிருக்கிறது. தொலைக்காட்சியின் நாற்காலிப் பட்டியலுக்கு வெளியே வாக்காளர் ஆள் தேடிக்கொண்டார்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதன் பின்னர் அலைவரிசைகள் என்ன செய்தன? ஆளுங்கட்சி நாற்காலியின் ஆளை மாற்றின. நாற்காலிகளின் எண்ணிக்கையையோ அவற்றின் பெயர்களையோ மாற்றவில்லை. 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில், 1350 ஆக இருந்த நாட்சம்பளம் 1550 ஆகும், அரசாங்கம் வரவுக்கு 200 சேர்க்கும், ஆக 1750 என்று அறிவிப்பு வந்தது. உடனே 'இது யாருடைய வெற்றி' என்று பழைய மேசை. அந்த 200 ரூபா வரவைப் பொறுத்தது என்பதால், மாதத்தில் எத்தனை நாள் வேலை என்ற கேள்வி இப்போது முன்னரைவிடப் பெரியது. மேசையோ 'வெற்றி' என்ற சொல்லைச் சுற்றியே அமைந்தது.

தூரம் என்ற காரணத்தை அலைவரிசையினர் இன்னும் சொல்வதுண்டு; ஹற்றனிலிருந்து ஆளைக் கொண்டுவருவது சிரமம், செலவு என்று. 2020இல் நாடு முடக்கப்பட்டபோது கலையகத்துக்கு யாரும் வர முடியவில்லை. எல்லோரையும் கைத்தொலைபேசியிலும் கணினியிலும் இணைத்தே விவாதம் நடத்தினார்கள். கொட்டகலையும் கொள்ளுப்பிட்டியும் அன்று ஒரே தூரம். தோட்டத் தலைவரை இணைத்திருக்கலாம், தலைவியை இணைத்திருக்கலாம், என் அதிபரையும் அவரது கோவைகளோடு இணைத்திருக்கலாம். திரை நான்காகப் பிரிந்தது. நான்கு கட்டத்திலும் தெரிந்தவர்கள், தத்தம் வீட்டுப் புத்தக அலுமாரிகளின் முன்னால் அமர்ந்திருந்த அதே நால்வர்.